வீழ்ந்த வீரர்களுக்குச் சாலையோர அஞ்சலி

ஆசிரியர் அவர்களுக்கு,

காங்கோவின் கோமா வட்டாரத்தில் 2025 ஜனவரியில் உயிரிழந்த 14 தென்னாப்பிரிக்க வீரர்களின் உடல்கள் பிப்ரவரி 13 அன்று வாட்டர்க்ளூஃப் விமானப்படைத் தளத்தை அடைந்தபோது, குடியரசுத் தலைவரும் தளபதிகளும் நேரில் அஞ்சலி செலுத்தினர். பொதுமக்களோ தொலைக்காட்சியில்தான் கண்டோம்.

இங்கிலாந்தின் வூட்டன் பாசெட் என்னும் சிற்றூர் மக்கள், 2007 முதல் 2011 வரை, அருகிலிருந்த லைனம் தளத்தில் இறக்கப்பட்ட வீரர்களின் உடல்கள் தம் கடைத்தெருவைக் கடந்துசென்ற போதெல்லாம், அரசு அழைக்காமலே இருபுறமும் மௌனமாக நின்றனர். மேடையும் உரையும் இல்லாத அந்த மரியாதையே பெரிது என்பது என் கருத்து. போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நட்டு மயிற்பீலி சூட்டிய மரபினராகிய நமக்கு, ஊர் கூடி நிற்பது புதிதும் அன்று.

ஆகவே, குடும்பத்தார் இசைந்தால், உடல் சொந்த ஊருக்குச் செல்லும் பாதையையும் நேரத்தையும் படைத்துறை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். டர்பன் வழியாக வரும் வீரர் எந்த இனத்தவராயினும், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளின் கோயில்களும் தமிழ்ச் சங்கங்களும் கட்சிக் கொடிகளின்றி மக்களைச் சாலையோரம் திரட்ட முன்வரலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன்