பட்டாணிக்கு நான்கு நிமிடம் போதும்

அன்புள்ள கதிருக்கு,

நாங்கள் நலம். மழை பெய்தால் மட்டும் அம்மாவுக்கு முட்டி வலிக்கிறது. சிங்கப்பூரில் எப்போதுதான் மழை பெய்யாமல் இருந்தது!

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய தட்டைப் பார்த்தோம். சோறு, ரசம், பக்கத்தில் காக்கி நிறத்தில் பட்டாணிப் பொரியல். "இது பட்டாணியா, மொச்சையா?" என்று கேட்டாள் அம்மா. மெல்பர்னில் வேலை முடிந்து வந்து நீயே சமைத்துச் சாப்பிடுகிறாயே, எனக்கு அதுவே பெரிது. ஆனாலும் பட்டாணியை அப்படி விட மனம் வரவில்லை. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உறைபட்டாணி வேகாத பச்சைக் காய் இல்லை. செடியிலிருந்து பறித்த சில மணி நேரத்திலேயே பட்டாணியில் உள்ள சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும். அதனால் தொழிற்சாலையில் சீக்கிரமே கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து உறைய வைத்துவிடுகிறார்கள். உன் கைக்கு வரும்போதே அது பாதி வெந்ததுதான். அதைக் குக்கரில் போட்டு இரண்டு விசில் விட்டால் இனிப்பெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும், தோல் தனியே கழன்று நிற்கும். விசிலெல்லாம் காய்ந்த பட்டாணிக்கு. அதையும் முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும்.

கடையில் பையை எடுத்துக் குலுக்கிப் பார். மணிமணியாக ஓடினால் வாங்கு. கட்டியாகக் கிடந்தால் வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கும். இங்கே ஃபேர்பிரைஸில் உன் அம்மா நான்கைந்து பைகளைக் குலுக்காமல் ஒன்றைக் கூடையில் போட மாட்டாள். பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான்தான் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வேன்.

சரி, அடுப்புக்கு வருவோம். உனக்கு ஒரு வேளைக்கு ஒரு குவளை பட்டாணி போதும். வாணலியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போடு. வெடித்ததும் கொஞ்சம் சீரகம், அரைக் கரண்டி உளுத்தம்பருப்பு. பருப்பு சிவக்கும்போது ஒரு மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்டு, தட்டிய பூண்டு இரண்டு பல், பொடியாக நறுக்கிய பாதி வெங்காயம் சேர். சின்ன வெங்காயம் கிடைத்தால் இன்னும் நல்லது. தீயைக் குறைத்து, வெங்காயத்தின் ஓரம் லேசாகச் சிவக்கும்வரை வதக்கு. நீ அவசரப்படுகிற இடம் இதுதான். பட்டாணியில் இனிப்பு உண்டு, வாசனை குறைவு. வாசனை முழுக்கத் தாளிப்பிலிருந்துதான் வர வேண்டும். அதனால் நேரத்தை வெங்காயத்துக்குக் கொடு, பட்டாணிக்குக் கொடுக்காதே.

பிறகு தீயைக் கூட்டி, பட்டாணியை உறைந்தபடியே கொட்டு. உப்பு, இரண்டு கரண்டி தண்ணீர், அவ்வளவுதான். மூடாதே. மூன்று நான்கு நிமிடம் கிளறிவிட்டு ஒன்றை எடுத்துக் கடித்துப் பார். தோல் பல்லில் லேசாகத் தட்டுப்பட்டு உள்ளே மெத்தென்று இருந்தால் அடுப்பை அணைத்துவிடு. துருவிய தேங்காய் ஒரு கைப்பிடி, எலுமிச்சைச் சாறு சில துளி. கரம் மசாலா வேண்டவே வேண்டாம். கறிக்குப் போடுவதையெல்லாம் பட்டாணிக்கும் போட்டால் அப்புறம் பட்டாணி எதற்கு?

எலுமிச்சை ஏன் கடைசியில் என்று கேட்பாய். சூட்டோடு புளிப்பு சேர்ந்தால் பச்சை நிறம் மங்கிக் காக்கியாகிவிடும். காயிலிருந்தே கொஞ்சம் புளிப்பு கிளம்பும், அது ஆவியோடு வெளியே போகட்டும் என்றுதான் மூடி வேண்டாம் என்கிறேன். நீ தக்காளியை முதலிலேயே போட்டு, மூடியும் வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். சோடா உப்பு போட்டால் நிறம் நிற்கும் என்று யாராவது சொல்வார்கள். நிற்கும்தான், ஆனால் காய் குழைந்து சோப்பு வாடை அடிக்கும்.

கறிவேப்பிலை அனுப்பச் சொல்லாதே, பச்சை இலையை ஆஸ்திரேலியாவுக்குள் விடமாட்டார்கள். டாண்டனாங் பக்கம் போனால் இந்தியக் கடைகளில் கேட்டுப் பார். கிடைக்காவிட்டால் புதினா போடு. வெள்ளைக்காரர்கள் பட்டாணிக்குப் புதினாவைச் சேர்ப்பது நல்ல யோசனைதான், நானும் செய்து பார்த்திருக்கிறேன். தாளிப்பில் போடாமல், இறக்கியபின் நான்கு இலையைக் கிள்ளிப் போட்டால் போதும்.

சின்ன வயதில் கீழ்த்தளக் காப்பிக்கடையில் சிக்கன் சாப் வாங்கினால், குழம்பில் கிடக்கும் பட்டாணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் தட்டுக்குத் தள்ளுவாய். வறுகடலை விற்கும் கச்சாங் பூத்தேக்காரர் காகிதக் கூம்பில் தரும் வறுத்த பட்டாணியிலோ எனக்கு ஒன்றுகூடத் தரமாட்டாய். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. சிக்கன் சாப்பில் கிடந்தது டின் பட்டாணி, டின்னுக்குள்ளேயே நெடுநேரம் வெந்தது, யாருக்குத்தான் பிடிக்கும்?

பொரியல் மீந்தால் மறுநாள் காலை உப்புமாவில் கலந்துகொள், இல்லை ஒரு முட்டையை உடைத்து ஊற்றிச் சோற்றோடு புரட்டு. இந்த மாத வாடகை கட்டிவிட்டாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குப் போகிறோம், ஏதாவது வேண்டுமென்றால் சனிக்கிழமைக்குள் சொல்.

அன்புடன்,
அப்பா