98 அடிச்சா தீராதுடா

அன்புள்ள சேகர்,

நாலு மாதமாக எழுதவில்லை, திட்டித் தீர்த்துக்கொள். அம்மாவுக்கு முட்டி வலி இப்போது தேவலை. சின்னவள் உயர்நிலை 2 போய்விட்டாள். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

என் கிழட்டுக் காரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்கும் உரிமச் சான்றிதழான சிஓஇயை அஞ்சு வருஷம் நீட்டிவிட்டு ராஜா மாதிரி திரிந்தேனே! போன மாதம் புக்கிட் தீமா ஏற்றத்தில் முக்க ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் உடம்பெல்லாம் நடுக்கம். இன்ஜின் விளக்கு மினுக்கியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? நம்ம முக்கால் டேங்க் மாமாவின் மருந்துதான். 95 ஆக்டேன் பெட்ரோலை விட்டு 98 அடித்தேன், மூன்று வாரம்! காரம் ஏறினால் கசடு கரையுமாம்.

பட்டறைக்காரர், இன்ஜின் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரைக் கழற்றி ஆட்டினார். கிலுகிலுப்பைச் சத்தம். டார்ச் அடித்துக் காட்டினார்: தேன்கூடு மாதிரி கண்கண்ணாக இருக்க வேண்டிய பீங்கான், நடுவில் பாகாய் உருகி அடைத்துக் கிடந்தது. கெட்டது என்னவோ பொறிக்கு மின்சாரம் தரும் ஒரே ஒரு இக்னிஷன் காயில்தான். ஒரு சிலிண்டரில் பொறி இல்லை. எரியாத பெட்ரோலும் காற்றும் அப்படியே வெளியேறி, கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்திருக்கிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய சாமானை நான் அடுப்பாக்கிவிட்டேன்.

ஆக்டேன் காரமும் இல்லை, சத்தும் இல்லை. அழுத்தத்தில் பெட்ரோல் தானாக வெடிக்காமல் பொறுத்திருக்கும் குணம், அவ்வளவே. 95 போதும் என்று செய்த இன்ஜினுக்கு 98 ஊற்றினாலும் கன்வெர்ட்டரின் ஆயுசு கூடாது. 95 கேட்கிற இன்ஜினுக்கு 92 ஊற்றினால் வேறு கதை. பெட்ரோல் தானாக வெடித்து நாக் அடிக்காமலிருக்க காரின் கம்ப்யூட்டர் பொறியைத் தாமதமாக்கும், புகையின் சூடு ஏறும், அடி கன்வெர்ட்டருக்கு. பார்க்க வேண்டியது கலவையைத்தான்: எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. புகையை வைத்துக் கலவையைக் கணிக்க உதவும் ஆக்சிஜன் சென்சார் கிழடாகிப் பெட்ரோலைக் கூடுதலாகக் கொட்டவிட்டால், அதுவும் கன்வெர்ட்டரை மெல்லத் தின்னும்.

மாமாவிடம் சொன்னேன். "அப்பல்லாம் ஈயம் கலந்த பெட்ரோலே ஊத்தினோம்" என்கிறார். ஈயம் இங்கே 1998-லேயே ஒழிந்தது, அது பட்டால் கன்வெர்ட்டர் செத்தே போகும் என்றால் காதில் ஏறினால்தானே!

விளையாட்டு போதும். உன் வண்டியிலும் விளக்கு மினுக்குகிறது என்று எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். நிலையாக எரிந்தால் பட்டறைவரை ஓட்டலாம். மினுக்கினால் ஓட்டாதே, இழுவை வண்டியைக் கூப்பிடு. காயிலுக்கு நூற்றுச் சொச்சம் வெள்ளியோடு போயிருக்கும். கன்வெர்ட்டருக்கு இரண்டாயிரத்து முந்நூறு அழுதேன்.

சனிக்கிழமை தேக்காவில் பார்ப்போம். உருகின துண்டைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், கொண்டு வருகிறேன். நீ ரயிலில் வா.

உன்
மணி