ராட் செர்லிங் கையேட்டுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

அமெரிக்கத் தொலைக்காட்சி எழுத்தாளர் ராட் செர்லிங் பற்றிய தமிழ்க் கையேடு அச்சுக்குப் போய்விட்டது. பெயர் போட வேண்டாம் என்றீர்கள். செய்த உதவியையாவது சொல்லிவிடுகிறோம்.

முதலில் பழைய ஒளிபரப்பு நுட்பம் அறிந்த நண்பருக்கு. செர்லிங் எழுதிய 'பேட்டர்ன்ஸ்' தொலைக்காட்சி நாடகம் 1955 ஜனவரி 12 அன்று நேரலையாகப் போனது. கிடைத்த வரவேற்பால் பிப்ரவரி 9 அன்று மறுபடியும் நேரலையாகவே நடித்தார்கள். வீடியோ டேப் புழக்கத்துக்கு வராத காலம். தொலைக்காட்சித் திரைக்கு எதிரே ஃபிலிம் கேமராவை வைத்துப் பதிவு செய்வார்கள். திரையில் நொடிக்கு 30 சட்டகம், ஃபிலிமில் 24. அதனால் அசைவு மங்கும். அது பிரதியின் கோளாறு அல்ல என்பதால் "பிரதி பழுது" என்ற குறிப்பை எடுத்துவிட்டோம்.

செர்லிங் உருவாக்கிய 'தி ட்விலைட் சோன்' தொலைக்காட்சித் தொடரின் கணக்கைச் சரிபார்த்த இரு சகோதரிகளுக்கும் நன்றி. 1959 முதல் 1964 வரை மொத்தம் 156 எபிசோட். 92 செர்லிங் எழுதியவை. எல்லாமே அரை மணி நேரம் என்று பெருக்கியிருந்தால் தப்பாகியிருக்கும்: நான்காம் பருவத்தின் 18 எபிசோடுகளும் ஒரு மணி நேரத்தவை. ஐந்தாம் பருவத்தில் ஒன்று, விலைக்கு வாங்கிய பிரெஞ்சுக் குறும்படம். இரண்டாம் பருவத்தில் செலவைக் குறைக்க ஆறு எபிசோடுகளை வீடியோ டேப்பில் எடுத்தார்கள். அன்றைக்கு டேப்பை வெட்டி ஒட்டுவது பெரும்பாடு. வெளிப்புறக் காட்சியும் முடியாது. அந்த ஆறும் மேடை நாடகம் போலத் தெரிவது அதனால்தான்.

பெருங்கடன் ஐந்தாம் அத்தியாயத்தைத் திருத்தியவருக்கு. செர்லிங்கின் 'நூன் ஆன் டூம்ஸ்டே' நாடகம் (1956), எம்மெட் டில் என்ற கறுப்பினச் சிறுவனை வெள்ளையர்கள் கொன்றதால் உந்தப்பட்டு எழுதியது. கதைக்களத்தை அமெரிக்காவின் தெற்கிலிருந்து வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துக்கு மாற்ற வைத்தார்கள். தெற்கை நினைவூட்டும் என்று கோகோ கோலா பாட்டிலைக்கூட அரங்கிலிருந்து அகற்றினார்கள். "அரசுத் தணிக்கை" என்று தலைப்பு வைத்திருந்தோம். கை வைத்தது அரசு அல்ல, விளம்பரதாரர் தரப்பு. இதைத் தவறவிட்டால், செர்லிங் ஏன் வேற்றுலகக் கதைகளுக்குள் நிறவெறியைப் பேசினார், ஏன் கயூகா புரொடக்‌ஷன்ஸ் என்று சொந்த நிறுவனம் வைத்துத் தயாரிப்பாளரானார் என்பதே புரியாது.

வசனங்களை உரக்கப் படித்துத் திருத்திய குழுவினருக்கும் நன்றி. செர்லிங் பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கருவியில் பேசித்தான் எழுதினார். கண்ணால் மட்டும் மொழிபெயர்த்தால் மூச்சு விடும் இடம் தப்பிவிடுகிறது.

கடைசியாக, பின்னட்டையில் "வயது 51" என்றிருந்ததை அச்சேறும் முன் பிடித்தவருக்கு. 1924 டிசம்பர் 25 அன்று பிறந்தவர் 1975 ஜூன் 28 அன்று மறைந்தார். வயது 50.

அன்புடன்,
கையேட்டுக் குழுவினர்