ஸ்கேட்டிங் தளத் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் இன்லைன் ஸ்கேட்டிங் (ஒரே வரிசையில் வீல் பொருத்திய பூட்ஸ் மாட்டி ஓடுவது) தளத்தில் நடந்துவந்த திருப்பணி முடிந்துவிட்டது. புதுத் தரை, இரண்டு லெட்ஜ் (விளிம்பில் சறுக்குவதற்கான திண்டு), ஒரு ரெயில் (சறுக்குவதற்கான குழாய்), ஒரு சின்ன குவார்ட்டர் பைப் (உள்வளைந்த சாய்தளம்), பழகுபவர்களுக்கான கைப்பிடிக் கம்பி, வேலியோரத்து இருக்கைகள் எல்லாம் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. வரவு செலவுக் கணக்கை ரசீதுகளோடு பொதுக்குழுவில் வைக்கிறோம், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். பணத்தில் பெரும்பங்கு ஏன் தரைக்கே போனது என்று பலர் கேட்டீர்கள். இந்த அறிக்கை முக்கியமாக அதற்கான பதில்தான்.

தொடக்கத்திலேயே நமக்குள் இரண்டு கட்சி இருந்தது. ஆளுயர ராம்ப் (ஏறி இறங்கும் சாய்தளம்) ஒன்று கட்டினால் பெயர் பரவும், வீடியோ எடுக்க நல்ல ஆட்டக்காரர்கள் வருவார்கள், அவர்களைப் பார்த்துப் புதியவர்கள் வருவார்கள் என்றது ஒரு கட்சி. முதலில் தரையைச் சரிசெய்யுங்கள் என்றது மற்றது. செயற்குழு இரண்டாவது கட்சியின் பக்கம் நின்றது. முதன்முறையாக ஸ்கேட் மாட்டுபவர் ராம்பை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவருக்கு வேண்டியது தடுக்கிவிடாத தரையும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும், விழுந்தால் சிரிக்காத நாலு பேரும்தான்.

இந்த விளையாட்டின் கதையும் இதைத்தான் சொல்கிறது. 1980-ல் மினியாபொலிஸில் ஐஸ் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்த ஓல்சன் சகோதரர்கள் பனி இல்லாத மாதங்களில் பயிற்சி செய்ய இன்லைன் ஸ்கேட்டைக் கையிலெடுத்தார்கள். அதிலிருந்துதான் ரோலர்பிளேடு நிறுவனம் பிறந்தது. தொண்ணூறுகளில் எங்கு பார்த்தாலும் அதே பேச்சு. 1995-ல் எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டி தொடங்கியபோதே இன்லைன் அதில் இருந்தது, 2005-ல் எடுத்துவிட்டார்கள். பிறகு ஒலிம்பிக்ஸுக்குள் ஸ்கேட்போர்டு போனது, நாம் போகவில்லை. டிவி வெளிச்சத்தை நம்பி வந்த கூட்டம் அந்த வெளிச்சம் நகர்ந்ததும் கலைந்துபோனது. நம்மைப் போன்ற சின்னக் குழுக்கள் தங்கியது, வாராவாரம் யாராவது ஒருவர் புதியவருக்கு நிற்கக் கற்றுக்கொடுத்ததால்தான். அந்த வேலை நடப்பது ராம்பின் மேல் அல்ல, தரையில்.

சரி, தரைக்கு வருவோம். பழைய தார்த்தளத்தில் மேல்பூச்சு தேய்ந்து ஜல்லி பல்லிளித்துக்கொண்டிருந்தது. 110 மி.மீ. வீலில் ஓடுபவர்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. 60 மி.மீ. சுற்றுவட்டாரத்தில் இருக்கும் கெட்டியான வீல் போட்டுக் கிரைண்ட் (லெட்ஜிலும் ரெயிலிலும் உரசிச் சறுக்குவது) பழகுபவர்களுக்கோ ஒவ்வொரு கல்லும் முழங்கால் வரை கேட்டது. விழுந்தால் தோல் உரிந்தது. ஒட்டுப்போடுவதில் பயனில்லை என்று முடிவுசெய்து, 10 செ.மீ. கனத்தில் புதிதாகக் கான்கிரீட் போட்டோம்.

கான்கிரீட்டில் நாம் அதிகம் மல்லுக்கட்டியது கோடுகளுக்காக. கான்கிரீட் காயும்போது சுருங்கும்; நாமாக வெட்டுக் கொடுக்காவிட்டால் அது தனக்குத் தோன்றிய இடத்தில் வெடித்துக்கொள்ளும். 3 மீட்டருக்கு ஒரு வெட்டு, கனத்தில் நாலில் ஒரு பங்கு ஆழம் என்பது வழக்கம். அதில் தகராறு இல்லை. ஒப்பந்தக்காரர் முற்றத்துக்குப் போடுவதுபோல விரல் அகலத்துக்குக் கோடு போடலாம், பார்க்க அழகாக இருக்கும் என்றார். மாதிரிக்குப் போட்ட பலகத்தில் அப்படி ஒரு கோடும் போட்டுக் காட்டினார். நம் உறுப்பினர் ஒருவர் ஸ்கேட்டைக் கழற்றி, கோட்டின் போக்கிலேயே வைத்துக் கையால் தள்ளினார். நான்கு வீலும் பள்ளத்துக்குள் இறங்கி அங்கேயே சிக்கிக்கொண்டன. குறுக்கே தள்ளியபோது வெறும் ‘டக் டக்’தான். வீல்கள் ஒரே வரிசையில் இருப்பதால் குறுக்குக் கோடு சத்தம் போடும், நெடுக்குக் கோடு ஆளையே கவிழ்க்கும். அதன் பிறகு ஒப்பந்தக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. கான்கிரீட் போட்ட மறுநாள் காலையிலேயே மெல்லிய பிளேடால் 3 மி.மீ. வெட்டு கொடுத்து, கான்கிரீட் நன்றாக இறுகிய பிறகு எபாக்ஸி என்ற பிசினை நிரப்பி மட்டமாக்கினார்கள். இன்னும் ஏன் கேட் பூட்டியிருக்கிறது என்று கோபப்பட்டவர்களுக்கு: பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியது ஒரு வாரம்தான். சுருக்கம் அடங்குவதற்கு முன்னால் எபாக்ஸி நிரப்பினால் ஓரம் பிட்டுக்கொள்ளும் என்பதால்தான் மிச்ச நாட்கள்.

தரையைக் கண்ணாடி மாதிரி இழைக்கச் சொன்னவர்களும் உண்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதில் கொஞ்சம் தூசி படிந்தாலோ பனி இறங்கினாலோ டி-ஸ்டாப் (ஒரு காலைப் பின்னால் குறுக்காக இழுத்து நிறுத்துவது) போடும் கால் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். அதனால் கையால் தடவினால் லேசான சொரசொரப்பு தெரியும் அளவில் நிறுத்திக்கொண்டோம். வாட்டம் மீட்டருக்கு 1 செ.மீ. வேலை முடிந்ததும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒரு மூலையில் மட்டும் தேங்கியது. ஒப்பந்தக்காரர் தன் செலவிலேயே அந்த இடத்தைத் தேய்த்துச் சரிசெய்தார்.

லெட்ஜ் ஒன்று 30 செ.மீ., இன்னொன்று 45 செ.மீ. உயரம். இரண்டின் விளிம்பிலும் இரும்பு ஆங்கிள் பதித்திருக்கிறது. ரெயில் உருண்டைக் குழாய். முனைகளைத் தரைப்பக்கம் வளைத்து அடைத்திருக்கிறோம். திறந்த குழாய்முனை என்ன செய்யும் என்பதைப் பழைய ரெயிலில் எல்லோரும் பார்த்தாயிற்று.

குவார்ட்டர் பைப்பின் உயரம் 90 செ.மீ.தான், வளைவின் ஆரம் 1.8 மீட்டர். அதாவது உச்சியில் சாய்வு 60 டிகிரி, செங்குத்தை எட்டாது. “இது குழந்தைகள் சறுக்குமரம்” என்று ஒரு மூத்த உறுப்பினர் கிண்டலடித்தார். திறந்த முதல் நாள் அதிக நேரம் அதன் மேல் இருந்தவரும் அவரேதான். மேலே கோப்பிங் எனப்படும் விளிம்புக் குழாய் சில மில்லிமீட்டர் மட்டும் வெளியே நீட்டியிருக்கிறது. நீட்டவே இல்லையென்றால் கிரைண்ட் பிளாக் (நடு வீல்களுக்கு இடையில் உரசும் கட்டை) பிடிப்பதில்லை, ரொம்ப நீட்டினால் இறங்கும்போது வீல் மாட்டும்.

கிரைண்ட் வழுக்கிப் போவதற்காக விளிம்பில் பூசும் மெழுகு பற்றி ஒரு வார்த்தை. உயரமான லெட்ஜில் பூசிக்கொள்ளுங்கள், தாழ்ந்ததில் வேண்டாம். பழகுபவர்கள் அதன் மேல் ஏறி நிற்கிறார்கள், உட்காரவும் செய்கிறார்கள். மெழுகு பூசிய இடத்தில் தெரியாமல் கால் வைத்தால் இடுப்புதான் முதலில் தரையைத் தொடும். ஸ்கேட்போர்டு நண்பர்களிடமும் பேசியாயிற்று, அவர்களுக்கும் சம்மதம். நேரப் பங்கீட்டில் அவர்களோடு இன்னும் சின்னச் சின்ன உரசல் இருக்கிறது. அது பேசித் தீரும். ஒரே தரை இருவருக்கும் ஒத்துவருகிறது என்பதே பெரிய ஆறுதல்.

இரவல் அலமாரியும் இந்தத் திருப்பணியில் அடக்கம். ஸ்கேட், ஹெல்மெட், முட்டிக் காப்பு, மணிக்கட்டுக் காப்பு எல்லாம் அங்கேயே கிடைக்கும். மணிக்கட்டுக் காப்பு இல்லாமல் இரவல் ஸ்கேட் கிடையாது. இதில் சலுகை கேட்க வேண்டாம். 1996-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், காப்பு போடாதவர்களுக்கு மணிக்கட்டு அடிபடும் வாய்ப்பு போட்டவர்களைவிட சுமார் 10 மடங்கு என்று வந்தது. விழும்போது கை தானாக முன்னால் போகும். எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் முதல் சில வாரம் அப்படித்தான். அதனால் முதல் வகுப்பில் ஓடக் கற்றுத்தருவதில்லை. முட்டி மடக்கி நிற்பது, முட்டிக் காப்பின் மேல் விழுவது, எழுவது, அப்புறம்தான் நகர்வது.

தரை மாறியபின் கண்ணில் படும் வித்தியாசம் வேலியோரத்தில்தான். முன்பெல்லாம் பிள்ளைகளை விட்டுவிட்டு வெளியே போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது உள்ளே வந்து உட்காருகிறார்கள். சிலர் தங்களுக்கு அளவு இருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள். அங்கேதான் இடிக்கிறது. சிறுவர் ஸ்கேட்டுகள் நீட்டிச் சுருக்கும் வகை, ஒரு ஜோடி பல கால்களுக்கு ஆகும். நம்மிடம் உள்ள பெரியவர் ஸ்கேட்டுகள் அப்படி இல்லை, எண்ணிக்கையும் குறைவு. வந்து கேட்டவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது.

வெளிச்சம் இந்தத் திருப்பணியில் சேரவில்லை, பணம் எட்டவில்லை. இருட்டிய பிறகு தளம் மூடியே இருக்கும். மழை நின்று தரை உலரும்வரையும் அப்படித்தான். கூட்டும் முறைப்பட்டியல் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. உங்கள் முறை வரும்போது ஓரங்களைத் தவறாமல் கூட்டுங்கள். மணல் பேரிங்குக்குள் போனால் ஸ்கேட் கரகரக்கும், சின்னச் சுள்ளி ஒன்றே வீலை நிறுத்திவிடும்.

பெரிய ராம்ப் கேட்டவர்களின் தீர்மானம் அடுத்த பொதுக்குழுவில் மறுபடி வருகிறது. வடக்கு ஓரத்தில் அதற்கு இடம் விட்டுத்தான் தரை போட்டிருக்கிறோம். ஆனால் அதற்கு முன் பெரியவர் ஸ்கேட் வாங்கிவிட வேண்டும் என்பது செயற்குழுவின் கருத்து, விவாதித்து முடிவெடுப்போம். இதற்கிடையில் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஜோடி இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள். யூஎஃப்எஸ் பொருத்து (பல நிறுவனங்களுக்கும் பொதுவான பிரேம் இணைப்பு) உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது, வீல்களைத் தாங்கும் பிரேமை மட்டும் மாற்றி ஓட்டிக்கொள்ளலாம். வீல் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, பூட்ஸுக்குள் இருக்கும் மெத்தை உறையான லைனர் மட்டும் துவைத்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயற்குழு