மீன் விலையோடு கடல் நிலவரத்தையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சனி, ஞாயிறு ஆனால் உங்கள் மாவட்டப் பக்கத்தில் தெரேஸ்புரம் மீன் ஏலச் செய்தி வந்துவிடுகிறது, நான் முதலில் தேடிப் படிப்பதே அதைத்தான். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எந்த வாரத்தை எடுத்தாலும் ஒரே காரணம்தான் எழுதியிருக்கிறது: தடைக்காலம், அதனால் வரத்து குறைவு, அதனால் சீலா விலை ஏறிவிட்டது. இந்த 61 நாளும் கரையில் நிற்பது விசைப்படகுகள். நாட்டுப்படகும் வள்ளமும் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை கூடை கூடையாகச் சாளை இறங்குகிறது, அடுத்த சனிக்கிழமை டீசல் காசுக்குக்கூட மீன் பாடு இல்லை என்றால் தடைக்காலத்தைக் காரணம் சொல்ல முடியாது, இரண்டு வாரமும் தடைக்காலம்தானே.

மே பாதி தாண்டினால் நம் பக்கம் கச்சான் பலக்கும். தூத்துக்குடியில் அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிற காற்று, அதனால் கரையில் நின்று பார்ப்பவருக்குக் கடல் அமைதியாகத்தான் தெரியும், வெளியே போகப் போகத்தான் அலை எழும்பும், திரும்பி வரும்போது முழுக்க எதிர்க்காற்று, எண்ணெயும் கூடுதலாகக் குடிக்கும். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், பலமாக ஓடினால் வலை நிற்காமல் சுருண்டுவிடும். தண்ணீர் ரொம்பத் தெளிந்து கிடந்தால் பகலில் வலையை மீன் பார்த்து விலகிவிடும் என்பார்கள். இதையெல்லாம் ஏலக்கூடத்தில் கேட்டால் யாரும் சொல்வார்கள், செய்தியில்தான் ஒரு வரியும் இல்லை.

அப்புறம் கள்ளக்கடல். தெற்கே வெகு தொலைவில் இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறி வரும். 2024 மே மாதம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்களே, அப்போதும் ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் சேவை மையத்தின் எச்சரிக்கை இருந்தது. கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகிறவர்களும், பாறையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்களும் சனிக்கிழமை காலையில் கட்டாயம் பார்க்க வேண்டிய செய்தி அது. உள்பக்க மூலையில் சின்ன எழுத்தில் போட்டால் எப்படிக் கண்ணில் படும்?

நான் கேட்பது பெரிய பத்தி இல்லை. காற்று எந்தத் திசை, நீவாடு எப்படி, தண்ணீர் கலங்கலா தெளிவா, எந்த வலைக்கு என்ன மீன் வந்தது, குஞ்சு மீன் இறங்கியதா, கள்ளக்கடல் எச்சரிக்கை உண்டா, இவ்வளவு போதும். குஞ்சு மீன் விஷயத்தை விட்டுவிடாதீர்கள், தடைக்காலம் வைத்ததே மீன் பெருகத்தான். ஆனால் கடலடியில் எந்தப் பாறைப் பாரில், எத்தனை பாகம் ஆழத்தில் மீன் கிடைத்தது என்று மட்டும் எழுத வேண்டாம். எழுதினால் மறுநாள் எல்லாரும் அங்கேதான் போய் விழுவார்கள், தேடிக் கண்டுபிடித்தவருக்கு ஒன்றும் மிஞ்சாது.

உங்கள் நிருபர் சனிக்கிழமை ஏலத்துக்கு வரும்போது விலை கேட்பதற்கு முன்னால், படகிலிருந்து இறங்குகிறவர்களிடம் கடல் எப்படி என்று கேட்கட்டும். ஞாயிறு இதழுக்கு அதுவே போதும். எச்சரிக்கையை மட்டும் வெள்ளிக்கிழமை மாலையே வாங்கி, சனிக்கிழமை முதல் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தூத்துக்குடி வாசகர்