"இல்லை" என்று சொல்வதற்கு முன் ஒருமுறை தேடிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒக்டோபர் வந்தால் நமது நூலகங்களில் தேசிய வாசிப்பு மாதம் களைகட்டிவிடும். பேச்சுப் போட்டி, கண்காட்சி, பரிசளிப்பு எல்லாம் நடக்கும். நல்லது, நடக்கட்டும். ஆனால் இரவல் வழங்கும் பகுதியில் வருடம் முழுவதும் நடப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வாசகர் ஒரு புத்தகத்தைக் கேட்பார், ஊழியர் "இல்லை" என்பார், வாசகர் போய்விடுவார்.

மட்டக்களப்பின் தென்பகுதியில் நூலக உதவியாளராக வேலைபார்த்து ஓய்வுபெற்றவள் நான். தேடி வருகிறவர்களில் பலருக்குப் புத்தகத்தின் சரியான பெயர் தெரியாது. அட்டையின் நிறம் ஞாபகமிருக்கும், உள்ளே இருந்த ஒரு பாட்டு ஞாபகமிருக்கும். 1978 சூறாவளியும் 2004 சுனாமியும் எத்தனையோ வீடுகளின் புத்தக அலுமாரிகளைக் கொண்டுபோன மாவட்டம் இது. அப்படி இழந்த ஒன்றைத் திரும்பக் கையில் எடுத்துப் பார்க்க வருகிறவரிடம், பெயரைச் சரியாகச் சொல்லுங்கள் என்று கேட்பது நியாயமில்லை.

அண்மையில் ஒரு நூலகத்தில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் கவுண்டரில் இருந்த பிள்ளையிடம், "நம்மட ஊர்ப் பாட்டு, பேச்செல்லாம் போட்ட தடிச்ச புத்தகம் புள்ள, ஒரு பண்டிதர் எழுதினது" என்றார். அந்தப் பிள்ளையும் எழுந்துபோய் இறாக்கையைப் பார்த்துவிட்டு வந்து, "அப்படி ஒண்டும் இல்லை ஐயா" என்றார். நான் கைபேசியில், ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேர்த்துவைக்கும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தைத் திறந்து, மட்டக்களப்பு என்று தொடங்கும் தலைப்புகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். வி. சீ. கந்தையா எழுதிய 'மட்டக்களப்புத் தமிழகம்', 1964 என்றதும், "ஓம் தங்கச்சி, இதுதான்!" என்று பெரியவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். பெயர் கிடைத்ததால் அந்தப் பிள்ளை பழைய நூற்சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினார். புத்தகம் அங்கேயேதான் இருந்தது, உசாத்துணைப் பகுதியின் பூட்டிய அலுமாரிக்குள். திரும்பக் கட்டியபோது முதுகில் பெயர் எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

2005இல் தொடங்கிய நூலகம் தளத்தைப் பலர் மின்னூல் வாசிக்கும் இடமாக மட்டுமே பார்க்கிறார்கள். எனக்கு அதில் பெரிய உதவி, ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, பக்கங்கள் என்று ஒவ்வொரு நூலுக்கும் இருக்கும் அந்தச் சிறிய அட்டவணைதான். அனுமதி கிடைக்காததால் சில நூல்களை அங்கே திறந்து வாசிக்க முடியாது. சரி, ஆனாலும் விபரம் இருக்கும். அதை எழுதிக்கொண்டு வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உள்ள பல்கலைக்கழக நூலகத்தில் விசாரிக்கலாம். ஈழத்துத் தமிழ் நூல்களுக்கு என். செல்வராஜா தொகுத்துவரும் 'நூல்தேட்டம்' என்ற பட்டியலையும் சொல்ல வேண்டும். தொகுதிக்கு 1000 நூல்கள், ஒவ்வொன்றுக்கும் சிறு குறிப்பு. 2002இல் முதல் தொகுதி வந்தது. நமது கவுண்டர்களில் இருப்பவர்களில் எத்தனை பேர் அதைப் புரட்டியிருப்பார்கள்?

தேடுவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். "மட்டக்களப்பு தமிழகம்" என்று தட்டச்சு செய்தால் வராதது, நடுவில் "த்" போட்டால் வரும். ஆகவே இரண்டு மாதிரியும் தேட வேண்டும். வேர்ல்ட்கேட் போன்ற உலகப் பட்டியல்களில் தமிழ் நூல்களின் பெயர் பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தான் இருக்கும். அதிலும் ழகரத்துக்கு நாம் வழக்கமாகப் போடும் இசட், எச் இருக்காது, அடியில் கோடிட்ட எல் இருக்கும். இது தெரியாமல் தேடுகிறவர் அங்கே தமிழே இல்லை என்று நினைத்துக்கொண்டு எழும்பிவிடுவார். இப்போது பிள்ளைகள் சாட்ஜிபிடியிடம் கேட்கிறார்கள். அது சிலவேளை இல்லாத நூலுக்கும் ஆசிரியர் பெயரோடு விபரம் தந்துவிடும். அதை நம்பி உயர்தர மாணவர் ஒப்படையில் எழுதினால் பிறகு யார் பதில் சொல்வது? ஒரு பட்டியலிலாவது சரிபார்த்துக் கொடுப்பது நூலக ஊழியரின் வேலை.

பிரதேச சபைகளிடமும் மாநகர சபையிடமும் நான் கேட்பது பெரிய செலவு இல்லை. இரவல் பகுதியில் இணைய இணைப்போடு ஒரு கணினி இருக்கட்டும், அதன் திரை வாசகருக்கும் தெரியும்படி வையுங்கள். பெரியவருக்குத் தன் புத்தகத்தின் அட்டையைக் கண்டால்தான் இது அதுவா என்று சொல்ல வரும். அப்புறம், நூலகப் பட்டியலைக் கணினியில் வைக்க கோஹா போன்ற இலவச மென்பொருள் இருக்கும்போது நமது நூலகங்களின் பட்டியல்கள் இன்னும் பதிவேட்டுக்குள்ளேயே ஏன் கிடக்க வேண்டும்? களுவாஞ்சிகுடியில் இல்லாதது ஆரையம்பதியில் இருக்கிறதா என்று அறிய வாசகர் பஸ் ஏறவா வேண்டும்?

வருகிற வாசிப்பு மாதத்தில் ஒரு நாளை ஊழியர்களின் தேடல் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். எந்தச் சபை கூப்பிட்டாலும் வந்து சொல்லிக்கொடுக்க நான் தயார். கொடுப்பனவு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலக உதவியாளர்,
களுவாஞ்சிகுடி.