சத்துணவு, நோய், கணினி: மூன்றையும் ஒரே பாடமாக நடத்த வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் தொடக்கப்பள்ளிகளில் சத்துணவைப் பற்றி ஒரு வாரம், டிங்கிக் காய்ச்சலைப் பற்றி ஒரு வாரம், கணினிக்கென்று தனிப் பாடவேளை என்று பிரித்து நடத்தப்படும் கல்வி பிள்ளைகளின் பழக்கத்தை மாற்றுவதில்லை என்பதைத் தமிழ்ப்பள்ளியில் பல்லாண்டுகள் பணியாற்றியபோது கண்டிருக்கிறேன். சுகாதார வாரத்தில் அழகான சுவரொட்டி வரைந்து பரிசு வாங்கும் மாணவர், பள்ளி முடிந்ததும் எதிர்க்கடையில் சர்க்கரைப் பானம் வாங்குகிறார். கணினி அறையில் எழுத்தின் நிறத்தை மாற்றவும் படத்தை ஒட்டவும் கற்றுக்கொள்ளும் அவருக்கு, தான் அறிய விரும்பும் ஒன்றை அக்கருவியைக் கொண்டு கண்டறியும் வாய்ப்பு அரிதாகவே கிடைக்கிறது. பிள்ளைகள் தங்கள் உணவையும் சுற்றுப்புறத்தையும் தாங்களே அளந்து, கிடைத்த எண்களைக் கணினியில் பதிந்து, அவற்றிலிருந்து முடிவுக்கு வரும் வகையில் இம்மூன்றையும் இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்று பினாங்கிலுள்ள 28 தமிழ்ப்பள்ளிகளின் தலைமையாசிரியர்களையும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

நம் சமுதாயத்திற்கு இது அவசரமான தேவை. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி மலேசியர்களில் பெரியவர்கள் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது ஏறத்தாழ மூவரில் ஒருவர் என்ற அளவில், மற்ற இனத்தவரைவிட மிகுதியாக இருந்தது. தாத்தா இன்சுலின் போட்டுக்கொள்வதையும், பாட்டியின் காற்புண் ஆறாமலிருப்பதையும் பார்த்து வளரும் பிள்ளைக்கு நோயின் பெயர் தெரிந்திருக்கிறது. அது தன் தட்டோடும் குவளையோடும் தொடர்புடையது என்பதை எவரும் கணக்கிட்டுக் காட்டுவதில்லை.

அந்தக் கணக்கை நான்காம் ஆண்டு மாணவரே போட முடியும். பானத்தின் தகரக் குவளையில் 100 மில்லிலிட்டருக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று அச்சிடப்பட்டிருக்கும். 10 கிராம் என்று இருந்தால், 325 மில்லிலிட்டர் குவளையில் 32.5 கிராம், ஒரு தேக்கரண்டிக்கு 5 கிராம் என்று வைத்தால் ஆறரைக் கரண்டி. உணவிலும் பானத்திலும் சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குக் குறைந்தால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளொன்றுக்கு 1,600 கலோரி உண்ணும் பிள்ளைக்கு 10 விழுக்காடு என்பது எட்டுக் கரண்டி, 5 விழுக்காடு என்பது நான்கே கரண்டி. வீட்டிலுள்ள பானங்களின் விவரச் சீட்டுகளைப் பிள்ளைகள் கொண்டு வந்து, விரிதாளில் பெயர், கொள்ளளவு, சர்க்கரை என்று நிரல்களில் பதிந்து, பெருக்கல் சூத்திரத்தைத் தாங்களே எழுதி, பட்டைக் குறிவரைவாக மாற்றட்டும். கணிதமும் நலக்கல்வியும் கணினியும் ஒரே பாடவேளையில் நடந்துவிடும். 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு அரசாங்கம் 2019 ஜூலை முதல் ஏன் தனி வரி விதித்தது என்பதும் அந்த வரைவைப் பார்த்தால் விளங்கும்.

உணவுப் பாடம் சர்க்கரையோடு நின்றுவிடவும் கூடாது. சுகாதார அமைச்சு பரப்பிவரும் ‘கால், கால், அரை’ தட்டில் கால் பங்கு சோறு அல்லது ரொட்டி, கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு, மீதி அரைப்பங்கு காய்கறியும் பழமும் இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் காலையில் உண்ணும் நாசி லெமாக்கையோ தோசையையோ இந்த அளவுகோலால் பார்த்தால் எந்தப் பங்கு குறைகிறது என்பது உடனே தெரியும். தோசையோடு தேநீர் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவின் இரும்புச் சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கிறது. எலுமிச்சை, கொய்யா போன்றவற்றின் உயிர்ச்சத்து சி அதைக் கூட்டுகிறது. முருங்கைக் கீரையும் கேழ்வரகும் நம் சமையலுக்குப் புதியவை அல்ல என்பதால், மாற்றம் செலவில்லாமலே நிகழக்கூடியது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அளக்கப்பட வேண்டியது பானமும் உணவும்தான். பிள்ளைகளின் எடையை வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் பட்டியலிடுவதும், வசதி குறைந்த பிள்ளைகளுக்கான துணை உணவுத் திட்டத்தில் உண்பவர் யார் என்று பிறர் அறியச் செய்வதும் அறவே கூடாது. வெட்கத்தோடு கற்கும் பிள்ளை உணவையே வெறுத்துவிடும்.

நோய்க் கல்விக்கு டிங்கியைவிடப் பொருத்தமான பாடம் நம் நாட்டில் இல்லை. 2019ஆம் ஆண்டில் மட்டும் 130,101 பேர் பாதிக்கப்பட்டு 182 பேர் இறந்தனர். புகை அடித்தால் போதும் என்று பெரியவர்களே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது பறக்கும் கொசுக்களைக் கொல்லுமே தவிர, நீரிலுள்ள புழுக்களையும் முட்டைகளையும் அழிப்பதில்லை. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றிய பின்னும் பல மாதங்கள் உயிரோடிருக்கும்; ஆகவே நீரை ஊற்றிவிடுவதோடு நிறுத்தாமல், உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால்தான் வாரத்திற்கொரு முறை பத்து நிமிடம் தேடி அழியுங்கள் என்று அமைச்சு சொல்கிறது. பள்ளியில் நலப் பழக்கங்களைப் பரப்பும் இளம் மருத்துவர் மன்ற மாணவர்கள் வாரந்தோறும் பள்ளி வளாகத்தில் பூந்தொட்டித் தட்டு, கூரைக் கால்வாய், கழிப்பறைத் தொட்டி என்று பார்த்து, புழு இருந்த இடத்தையும் நாளையும் கணினியில் பதிந்து வந்தால், மழைக்குப் பின் எந்த மூலையில் கொசு பெருகுகிறது என்பதைப் பருவ இறுதியில் அவர்களே சொல்லிவிடுவார்கள். காய்ச்சல் இறங்கும் நேரமே டிங்கியில் ஆபத்தான நேரம் என்பதும், கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தக் கசிவு ஆகியவை கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதும் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் ஒரு வீடே காப்பாற்றப்படலாம். கை, கால், வாய்ப்புண் நோய்க் கிருமிக்குச் சாராயம் கலந்த கைத்தூய்மிப்பான் போதாது, சவர்க்காரமும் நீரும் வேண்டும் என்பதையும் அதே பாடத்தில் சேர்க்கலாம்.

புலனத்தில் (வாட்ஸ்அப்) வரும் மருத்துவச் செய்திகளை இப்பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறார்கள். யார் சொன்னது, எப்போது சொன்னது, அமைச்சின் பக்கத்தில் அப்படி உள்ளதா என்று தேடிப் பார்க்கும் பழக்கமே நான் கருதும் அடிப்படைக் கணினித் திறன். கண்டறிந்ததைத் தமிழிலேயே தட்டச்சு செய்யவும் அவர்கள் கற்க வேண்டும். 1980களிலேயே கணினியில் தமிழைத் தட்டச்சு செய்ய உதவும் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கித் தந்தவர் மலேசியரான முத்து நெடுமாறன். அந்த நாட்டில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை தமிழ் விசைப்பலகை அறியாமல் ஆறாம் ஆண்டை முடிப்பதை என் மனம் ஏற்கவில்லை.

பினாங்குப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைத் தொடங்க உள்ளூர் வரலாறும் உண்டு. 1879இல் இங்கே பிறந்து பினாங்கு ஃபிரீ பள்ளியில் படித்த மருத்துவர் வூ லியன் தே, 1910இல் மஞ்சூரியாவில் பரவிய கொள்ளைநோய் மூச்சுக்காற்றின் வழி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது என்று கண்டறிந்து, துணி முகக்கவசத்தை அணியச் செய்தவர். 1816இல் நாட்டின் முதல் தமிழ் வகுப்பு தொடங்கியதும் அதே பள்ளியில்தான்.

நேரமில்லை என்று ஆசிரியர்கள் முன்பு சொன்னதில் நியாயம் இருந்தது. ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டு வகுப்புசார் மதிப்பீடு நடப்பில் இருக்கையில், இத்தகைய செயல்திட்டத்தையே மதிப்பீட்டுக்கான சான்றாகக் கொள்ளலாம். மாணவர் குறைந்த தோட்டப்புறப் பள்ளிகளில் கணினிகள் பழுதாகிக் கிடப்பதை அறிவேன். அங்கே பிள்ளைகள் முதலில் தாளில் பதிந்து, ஒரே மடிக்கணினியில் முறைவைத்து உள்ளிட்டாலும் பாடம் நடக்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் கணினிகளைப் பழுதுபார்க்க ஒரு தொகையை ஒதுக்குவதோடு, மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியை அழைத்துப் பதிவுத்தாளின் வடிவத்தை முடிவு செய்யுமாறு வேண்டுகிறேன்.

இவ்வண்ணம்,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு.